ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்த முடிவுகள்: அமெரிக்கப் பள்ளிகளின் விளையாட்டு இயக்குநர்கள்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு மத்திய அரசின் சட்டமே அரணாக நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தமும், தொழில்முறைக் கால்பந்து (கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க வகைக் கால்பந்து) அணிகள் கூட்டாக ஒளிபரப்பு உரிமையை விற்பதற்குச் சலுகை தந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தன. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் இருக்கும் நிலையங்கள் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை போய்விடும். பணம் கொழிக்கும் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் அந்த நேரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவைத்திருப்பதன் பின்னணி இதுதான்.

அந்த இரவின் ஆட்டத்தை நடத்திவைப்பவர் யார் என்று கேட்டால், பார்வையாளர்களில் பலருக்குப் பதில் தெரியாது. பயிற்சியாளரைத் தெரியும், ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக மைதானத்துக்குள் வர வேண்டும், அந்த வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது, நடுவர்களுக்கான பணம் தயாரா, எதிரணியின் பஸ் எங்கே நிற்கும், இடி கேட்டால் அத்தனை கூட்டத்தையும் எங்கே ஒதுக்குவது என்பதையெல்லாம் பல நாள்களுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டு, கடைசிப் பிள்ளையைப் பெற்றோர் அழைத்துச் செல்லும்வரை அரங்கத்தை விட்டு அகலாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் பள்ளியின் விளையாட்டு இயக்குநர். அங்கே அவரை அத்லெடிக் டைரக்டர் என்றும் சுருக்கமாக ஏ.டி. என்றும் அழைப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் உடற்கல்வி இயக்குநரை மனத்தில் வைத்துக்கொண்டு இவரைப் புரிந்துகொள்ள முயன்றால் பாதி தூரம்தான் போக முடியும். நம் உடற்கல்வி இயக்குநர் தாமே விசில் ஊதிப் பயிற்சி தருகிறார், குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். இரண்டு மரபுகளுக்கும் இடையே உண்மையான உறவு ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடும் அவர் போனார். அதன்பின் இரு நாடுகளின் பாதையும் பிரிந்துவிட்டது. இங்கே உடற்கல்வி ஆசிரியர் மைதானத்திலேயே இருந்தார். அங்கே பெரிய பள்ளியின் விளையாட்டு இயக்குநர், இருபது விளையாட்டுகளையும் ஐம்பது அறுபது பயிற்சியாளர்களையும் மேலாண்மை செய்யும் நிர்வாகியாக மாறினார்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு தரும் கணக்கின்படி, 2023-24 கல்வியாண்டில் பள்ளி விளையாட்டில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை முதன்முறையாக 80 லட்சத்தைத் தாண்டியது. ஒரு மாணவி இரண்டு விளையாட்டில் இருந்தால் இரண்டு முறை எண்ணப்படுவார் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது மிகப் பெரிய ஏற்பாடு.

தொடக்கத்தில் இதில் பெரியவர்களுக்கு வேலையே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாணவர்களே அணி சேர்த்தார்கள், ஆட்டம் பேசி முடித்தார்கள், பள்ளியில் பெயரே இல்லாத பலசாலிகளுக்குச் சீருடை மாட்டி இறக்கியும் விட்டார்கள். அந்தக் குழப்பத்தை அடக்கவே மாநிலச் சங்கங்கள் பிறந்தன. விஸ்கான்சின் 1890களிலேயே முந்திக்கொண்டது. டெக்சஸின் சங்கமான யுஐஎல் 1910இல் வந்தது. தேசியக் கூட்டமைப்பின் வேர் 1920இல் இருக்கிறது. யார் ஆடலாம், எந்த வயதுவரை ஆடலாம், எத்தனை பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்ற தகுதி விதிகள் எழுதப்பட்டன. விதி வந்தால் அதைப் பள்ளியில் காக்க ஒருவர் வேண்டும். பெரும்பாலும் கால்பந்துப் பயிற்சியாளர் தலையிலேயே அது விழுந்தது. டெக்சஸில் பல ஊர்களில் இன்றும் தலைமைக் கால்பந்துப் பயிற்சியாளரே விளையாட்டு இயக்குநர்.

பதவிக்கு வரும் வாசல் பயிற்சியாளர் நாற்காலிதான் என்றால், அந்த நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி முக்கியமாகிறது. டெக்சஸில் கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்குப் பிரெய்ரி வியூ லீக் என்ற தனி அமைப்பு இருந்தது. இனப் பிரிவினை முடிவுக்கு வந்தபோது, 1970இல் அது கலைக்கப்பட்டது. பிரிவினை ஒழிந்தது நியாயம். ஆனால் தெற்கு மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அங்கே தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்த பலர் புதிய பள்ளிகளில் உதவியாளர்களாக இறக்கப்பட்டார்கள். நிர்வாகத்துக்குப் போகும் வழியும் அத்தோடு அவர்களுக்கு அடைபட்டது. பெண்களின் கதையும் இதே வாசலில்தான் சிக்கியது. கால்பந்து அணியை நடத்தியவர் மேலே போவார் என்பது எழுதப்படாத விதியாக இருக்கும்வரை, வாலிபால் பயிற்சியாளராக இருந்த பெண் எவ்வளவு திறமைசாலியானாலும் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. இன்றும் இந்தப் பதவியில் பெண்கள் சிறுபான்மையினரே. தேசியக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு ஒரு பெண் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பொறுப்பேற்ற கரிசா நீஹாஃப், கனெடிகட் மாநிலப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் விளையாட்டு இயக்குநராகவும் முதல்வராகவும் பணியாற்றி மாநிலச் சங்கத்தின் வழியே மேலே வந்தவர்.

இப்போது இந்தத் துறைக்குள் நுழைபவர் போகும் வழி ஓரளவு தெளிவானது. முதலில் ஆசிரியர் வேலை, பள்ளி முடிந்த பிறகு மதிப்பூதியத்துக்குப் பயிற்சியாளர் வேலை, பிறகு உதவி இயக்குநர், பிறகு இயக்குநர். சிறிய பள்ளியானால் இயக்குநரே காலையில் இரண்டு வகுப்பும் எடுப்பார். பல மாநிலங்களில் முதுநிலைப் பட்டமோ நிர்வாக உரிமமோ எதிர்பார்க்கப்படுகிறது. 1977இல் உருவான தேசியப் பள்ளி விளையாட்டு நிர்வாகிகள் சங்கம், படிப்படியான சான்றிதழ்களையும் சட்டம், நிதி, மைதானப் பராமரிப்பு என்று பிரித்த பாடங்களையும் நடத்துகிறது. இதற்குப் பிறகு சிலர் துணை முதல்வராகவோ, ஒரு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொறுப்பான இயக்குநராகவோ, மாநிலச் சங்கத்துக்கோ போகிறார்கள்.

பாடத்திட்டம் இப்படி விரிந்ததற்குக் காரணம் நீதிமன்றங்களும் மருத்துவமனைகளும். இந்தப் பணியின் விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு பிள்ளைக்கு நேர்ந்த துன்பம் இருக்கிறது. 1975இல் சியாட்டில் நகரில் கால்பந்து ஆடிய மாணவன் ஒருவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு எதிரணியினர் மேல் பாய்ந்து கழுத்து முறிந்து உடல் செயலிழந்தான். அப்படிப் பாய்வது ஆபத்து என்று பள்ளி அவனை எச்சரிக்கவில்லை என்று கூறி, 1982இல் ஜூரி 60 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. எச்சரிக்கும் கடமை என்பது அதன்பின் ஒவ்வொரு பள்ளியின் படிவத்திலும் ஏறியது. இன்று பெற்றோர் கையெழுத்திடும் நீண்ட ஆபத்து அறிவிப்புத் தாளை அலுப்போடு புரட்டுகிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சேக்கரி லிஸ்டெட், ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தான், மறுபடி பேசவும் நிற்கவும் நெடுங்காலம் போராடினான். அவன் பெயரிலேயே 2009இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு என்ற சந்தேகம் வந்தாலே மாணவனை வெளியே எடுக்க வேண்டும், உரிமம் பெற்ற மருத்துவ வல்லுநர் எழுத்தில் அனுமதி தரும்வரை திரும்ப இறக்கக் கூடாது என்றது சட்டம். 2014க்குள் 50 மாநிலங்களிலும் இதே வகைச் சட்டம் வந்துவிட்டது.

வெப்பம் இன்னொரு கொடிய ஆசிரியன். 2008 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்த 15 வயது மாணவன் சில நாள்களில் இறந்தான். பயிற்சியாளர் மீது குற்றவியல் வழக்கே தொடுக்கப்பட்டது. 2009இல் ஜூரி அவரை விடுவித்தது. விடுதலை கிடைத்தாலும், பள்ளிப் பயிற்சி ஒன்றுக்காகக் குற்றவாளிக் கூண்டு ஏற வேண்டியிருக்கலாம் என்பதை நாடு முழுவதும் இருந்த இயக்குநர்கள் கவனித்தார்கள். பருவத்தின் முதல் நாள்களில் கவசம் இல்லாமல் தொடங்கி உடலை வெயிலுக்குப் பழக்குவது, வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் கருவி காட்டும் எண்ணைப் பார்த்துப் பயிற்சியைக் குறைப்பது அல்லது நிறுத்துவது, வெப்ப வாதம் கண்டால் ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே பனிக்கட்டித் தொட்டியில் அமிழ்த்துவது என்பவை பல மாநிலங்களில் இன்று விதிகள்.

இந்த மூன்றையும் அருகருகே வைத்தால், இந்தப் பணி கற்றுத்தரும் தலைமைப் பண்பு எது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நல்ல இயக்குநர் கடினமான முடிவை அந்தக் கணத்தில் எடுப்பதில்லை. யாருக்கும் கோபமோ ஆசையோ இல்லாத ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், மேசையில் உட்கார்ந்து, முன்கூட்டியே எடுத்து எழுதிவைத்துவிடுகிறார். ஸ்கோர் சமமாக இருக்கும் நான்காம் கால்பகுதியில், நட்சத்திர ஆட்டக்காரனை வெளியே எடுக்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டால் வரும் பதிலை நம்ப முடியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அந்தக் கணத்தில் அவர் வெற்றியை மட்டுமே பார்க்கும் மனிதர். விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் அவரிடம் யாரும் கேட்கவே வேண்டாம். இடி கேட்டால் ஆட்டம் நிற்கும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியும்வரை தொடங்காது. இதில் வாதாட இடமே இல்லை. தைரியம் என்று நாம் புகழும் பண்பை இப்படிச் செய்தே தேவையற்றதாக்குவதுதான் இங்கே திறமை.

நெருக்கடிக்கால நடவடிக்கைத் திட்டத்திலும் இதே தர்க்கம். மைதானத்தில் ஒருவன் மூச்சின்றி விழுந்தால் அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பது யார், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியை ஓடிப்போய் எடுப்பது யார், வாயிலைத் திறந்து ஆம்புலன்ஸுக்குக் கைகாட்டுவது யார் என்பது ஒவ்வொரு மைதானத்துக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. ஒத்திகை பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 2ஆம் தேதி சின்சினாட்டியில் டமார் ஹாம்லின் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தபோது, அவரைக் காப்பாற்றியது ஒத்திகை பார்த்துப் பழகிய குழு. அந்த இரவுக்குப் பிறகு பள்ளிகள் பலவும் தங்கள் ஏஇடி கருவி பூட்டிய அறைக்குள் கிடப்பதைக் கண்டுகொண்டன. கருவி இருந்தும் சாவி இல்லாத பள்ளியைவிடக் கருவியே இல்லாத பள்ளி எந்த விதத்திலும் மோசமில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. விதியை அகலமாக எழுதிவிட்டால் அது பிள்ளைகள் மேலேயே விழும். பென்சில்வேனியாவின் மஹனாய் பகுதியில், ஆட்டத்தின்போது ஆடிப்பாடி உற்சாகமூட்டும் சியர்லீடிங் முதன்மை அணியில் இடம் கிடைக்காத மாணவி, ஒரு வார இறுதியில், பள்ளிக்கு வெளியே, ஸ்னாப்சாட்டில் பள்ளியையும் அணியையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டாள். பள்ளி அவளை ஓராண்டுக்கு இளநிலை அணியிலிருந்து நீக்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவியின் பக்கம் நின்றது. பள்ளியின் ஒழுங்கு விதி அவளது வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அவ்வளவு எளிதாக நீளாது என்றது. அடுத்த ஆண்டே, வாஷிங்டன் மாநிலம் பிரெமர்டனில் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த உதவிப் பயிற்சியாளரின் வழக்கில், ஆறுக்கு மூன்று என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாறாக, 1995இல் ஓரிகன் மாநிலத்து வெர்னோனியா வழக்கில், ஆட்டக்காரர்களுக்குப் போதைப்பொருள் சோதனை செய்யப் பள்ளிக்கு உரிமை உண்டு என்றது அதே நீதிமன்றம். அரசியலமைப்புச் சட்டத்தின் நுணுக்கங்களைப் பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டிய வேலை இது. அமெரிக்காவில் வேறு எந்த நடுத்தர நிர்வாகிக்கும் இவ்வளவு சட்டம் தேவைப்படுமா என்பது எனக்குச் சந்தேகம்.

1972இன் டைட்டில் நைன் சட்டம் தனி அத்தியாயம். கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்த அந்தச் சட்டத்துக்கு முந்தைய 1971-72 ஆண்டில், பள்ளி விளையாட்டில் 36 லட்சம் ஆண்களும் மூன்று லட்சத்துக்கும் குறைவான பெண்களும் இருந்தார்கள். இப்போது பெண்கள் 34 லட்சத்துக்கும் மேல். இந்த வளர்ச்சி தானாக நடக்கவில்லை. பள்ளிதோறும் யாரோ ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாலை நேரத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல நேரம் தங்களுக்கே என்று பழகியிருந்த ஆண்கள் அணிப் பயிற்சியாளர்களோடு சண்டையும் போட வேண்டியிருந்தது. இன்றும் இயக்குநருக்குத் தலைவலி தருவது, பெற்றோர் சேர்ந்து நடத்தும் பூஸ்டர் கிளப்பின் தாராளம்தான். பையன்களின் பேஸ்பால் மைதானத்துக்குப் பெற்றோர் பணம் திரட்டி மின்விளக்கும் கூரையும் போட்டுத் தருகிறார்கள். பக்கத்தில் பெண்களின் சாஃப்ட்பால் மைதானம் முள்ளும் புழுதியுமாகக் கிடக்கிறது. பணம் வெளியிலிருந்து வந்தது என்பது சட்டத்தின் முன் சாக்கு ஆகாது. சமன்செய்யும் பொறுப்பு பள்ளிக்கே. கொடுக்க வந்தவரின் காசோலையைப் பார்த்தபடி நிபந்தனை சொல்வது எளிதல்ல என்பதால், தெளிந்த இயக்குநர்கள் நன்கொடை விதியையும் முன்பே எழுதி ஆட்சிக் குழுவில் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

பணம் மிகுதியான இடத்தில் வேறு வகைத் தொல்லை. டெக்சஸ் மாநிலம் ஆலன் நகரப் பள்ளி மாவட்டம் ஏறத்தாழ ஆறு கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் அரங்கத்தை 2012இல் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடியது. 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். உலகமே சிரித்த அந்தச் செய்தியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளூர்ப் பெருமையின் பணத்தால் கட்டப்பட்ட எதையும் முதலில் பதில் சொல்லிக் காக்க வேண்டியவர்கள், அந்த முடிவில் தங்களுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று யாரும் கேட்காத நிர்வாகிகள்.

முன்கூட்டி எழுத முடியாத ஒரு முடிவு மட்டும் எஞ்சுகிறது. அது பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது. இந்தத் துறையில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு 14 சட்டக் கடமைகள் என்று ஒரு பட்டியல் கற்பிக்கப்படுகிறது. திட்டமிடல், மேற்பார்வை, பாதுகாப்பான மைதானம், எச்சரித்தல், காப்பீடு, போக்குவரத்து என்று போகும் அதில், பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்துக் கண்காணிப்பதும் ஒரு கடமை. எனக்கு அதுவே மற்ற பதின்மூன்றையும் தாங்கும் கடமையாகத் தோன்றுகிறது. எல்லா மைதானத்திலும் இயக்குநர் இருக்க முடியாது. அவர் இல்லாத மாலையில், ஒரு பையன் தலைசுற்றுகிறது என்று சொல்லும்போது எதிரே நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதிப்பூதியம் சொற்பம், மாலை முழுதும் போகும் வேலை. அதனால் விண்ணப்பிப்பவர்களும் குறைவு. ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் பின்னணிச் சோதனையையும் முன்னாள் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பையும் தவிர்க்கத் தோன்றும். வெற்றி தோல்விக் கணக்கை வைத்து மட்டும் ஒருவரை மதிப்பிடும் இயக்குநர் இன்னும் பயிற்சியாளராகவே இருக்கிறார். பருவத்தின் தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை அணியில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பவரே பதவி மாறியவர்.

பெற்றோர் விஷயத்தில் பழக்கத்தில் இருக்கும் 24 மணி நேர விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டம் முடிந்து ஒரு முழு நாள் கழியாமல் பயிற்சியாளரிடம் முறையிடக் கூடாது. முதலில் மாணவன் தானே போய்ப் பேச வேண்டும், பிறகு பெற்றோர், அதற்கும் பிறகே இயக்குநர். தன் பிள்ளைக்கு ஏன் ஆட வாய்ப்புத் தரவில்லை என்ற கேள்விக்குப் பல பள்ளிகளில் இயக்குநர் பதிலே சொல்ல மாட்டார். டாலஸ் புறநகரிலும் நியூ ஜெர்சியிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது முதலில் கடுமையாகத் தெரியலாம். நம் வழக்கத்தில் அப்பா நேரே தலைமையாசிரியரைப் பார்க்கப் போய்விடுவார். பதினைந்து வயதுப் பெண் தன் குறையைத் தானே சொல்லப் பழகுகிறாள் என்பதை நினைத்தால் இந்த வரிசையின் அருமை புரியும்.

கட்டுப்பாடற்ற பெற்றோரின் விலையை நடுவர்கள் கொடுத்துவிட்டார்கள். 2018-19க்குப் பிறகான சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 பேர் பள்ளி நடுவர் பணியை விட்டதாகத் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. பெருந்தொற்றும் ஒரு காரணம். பார்வையாளர் வரிசையிலிருந்து வரும் வசை இன்னொன்று. நடுவர் கிடைக்காததால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழனுக்கு மாற்றிய பள்ளிகள் உண்டு. சட்டம் காத்துக்கொடுத்த இரவை ஊர்க்காரர்களின் நாக்கு பறித்துக்கொண்டது.

இத்தனையையும் சுமப்பவருக்கு, பள்ளிக்குள் தன்னைப் போல இன்னொருவர் இல்லை. வேதியியல் ஆசிரியருக்குப் பக்கத்து அறையில் துணை உண்டு. இவருக்குத் துணை பக்கத்து ஊரில், அதுவும் எதிரணியில். ஒரே லீகைச் சேர்ந்த இயக்குநர்கள் கூடி அட்டவணை போடுகிறார்கள், நடுவர்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், புயல் வந்தால் ஒருவரையொருவர் அழைத்து ஆட்டத்தைத் தள்ளிவைக்கிறார்கள். பல மாநிலச் சங்கங்கள் புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு, அனுபவமுள்ள அல்லது ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்துவிடுகின்றன. மாலையும் சனிக்கிழமையும் வேலைக்கே போய்விடுவதால் சில ஆண்டுகளிலேயே விலகுபவர்கள் உண்டு. அவர்களைத் தக்கவைக்கச் சம்பள உயர்வைவிட உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: உதவியாளர் ஒருவரை நியமித்து, வாரத்தில் இரண்டு இரவு ஆட்டங்களை அவரிடம் ஒப்படைப்பது. அதற்கான பணத்தை வரவுசெலவில் ஒதுக்க ஆட்சிக் குழுவைச் சம்மதிக்க வைப்பதுதான் பல பள்ளிகளில் இன்னும் நடக்காமல் இருக்கிறது.